ஒருமனதாகச் சாத்திய கேட்

எங்கள் கல்லூரியின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் கொடுத்த டிகிரியைத் திருப்பிக் கேட்பார்கள். ஜெயங்கொண்டம் தாண்டி அரியலூர் ரோட்டில், சிமெண்ட் லாரிகள் கிளப்பும் புழுதிக்கு நடுவே ஒரு வளைவு தெரியும். அதில் 'மாணவரே மன்னர்' என்று எழுதியிருக்கும். மன்னர்கள் ஒன்பது மணிக்குள் வகுப்பில் இருக்க வேண்டும். அதுதான் எங்கள் கஷ்டமே.

நான் புவனேஸ்வரி, மூன்றாம் வருடம் கணிதம். ஊர் மீன்சுருட்டி. அங்கே எட்டு மணிக்குக் கிளம்பும் டவுன் பஸ்தான் எங்களுக்குக் கதி. அதற்கு முந்தைய பஸ் ஐந்தே முக்காலுக்கு, அதுவும் கல்லூரிப் பக்கம் வராது. கங்கைகொண்ட சோழபுரத்தில் என் கூட்டாளி மலர்கொடி ஏறுவாள். வழியெல்லாம் ஏறி ஏறிக் கடைசியில் முப்பத்தெட்டு பேர் ஆகிவிடுவோம். சுண்ணாம்புக்கல் லாரி வரிசைக்குப் பின்னால் ஊர்ந்து வந்து, கல்லூரி வாசலில் இறங்கும்போது மணி ஒன்பது பத்து. முதல் ஹவரில் எங்கள் பெயருக்கு நேரே முட்டை. ஒரு நாளைக்கு ஐந்து ஹவர். ஒன்று போனால் எண்பது சதவீதம்தான் மிச்சம். அதிலும் காய்ச்சல், கல்யாணம், சாவு என்று நாலு நாள் போனால் கீழே இறங்கிவிடும். எழுபத்தைந்துக்குக் கீழே போனால் பரீட்சை எழுத முடியாது.

மலர்கொடி எழுபத்தாறில் நின்றாள். அவளைத் திருச்சியில் ஒரு கம்பெனி வேலைக்கு எடுத்து வைத்திருந்தது. மே மாதப் பரீட்சையில் பாஸ் என்று காட்டினால் வேலை. அவள் அம்மா ஊரில் எல்லார் வீட்டிலும் சொல்லிவிட்டார். முந்திரிக்கொட்டை உடைத்துக் கறுத்துப்போன கையால் அந்தக் கம்பெனிக் கடிதத்தைத் தொடவேண்டாம் என்று, மகளை விட்டே பிரித்துப் பிரித்துக் காட்டச் சொல்வார். எனக்கு அது நன்றாகத் தெரியும், நானும் பார்த்தவள்தான்.

இந்த நிலையில்தான் மாணவர் பேரவைத் தேர்தல் வந்தது. ஜூலையில் நடக்கவேண்டியது டிசம்பரில் நடந்தது. பதவியேற்பு விழாவுக்குச் சிறப்பு விருந்தினரின் தேதி கிடைத்த பிறகுதான் தேர்தலுக்குத் தேதி வைப்பார்கள். மொத்தம் இருபத்து மூன்று பதவி. தலைவர், செயலாளர் போக, குடிநீர்ப் பிரதிநிதி, ஒழுக்கப் பிரதிநிதி, குத்துவிளக்குப் பிரதிநிதி என்று ஆட்டுக்கு ஒன்று மாட்டுக்கு ஒன்றாக வைத்திருந்தார்கள். போக்குவரத்துப் பிரதிநிதி என்று ஒன்று இருந்ததைப் பார்த்ததும் எங்கள் பஸ்ஸே எழுந்து உட்கார்ந்தது.

நிற்கவேண்டியவள் மலர்கொடி. வாய் அவளுக்குத்தான் உண்டு. ஆனால் வேட்புமனுவில் ஒரு விதி: எண்பது சதவீத வருகை இருப்பவர்தான் நிற்கலாம். அதாவது பஸ்ஸால் பாதிக்கப்படாதவர்தான் பஸ்ஸைப் பற்றிப் பேசலாம். இரண்டு மாதம் என் அண்ணன் பைக்கில் கொண்டுவந்து விட்டதில் எனக்கு எண்பத்தொன்று இருந்தது.

"நீ நில்லுடி. நீ நின்னா நான் நின்ன மாதிரி" என்றாள் மலர்கொடி.

"எனக்குப் பேச வராதே."

"பேச என்ன இருக்கு? பத்து நிமிஷம் குடுங்கன்னு கேக்கணும். அவ்ளோதான். மத்தத நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டாள். பஸ்ஸில் சீட்டு சீட்டாகப் போய் ஓட்டுக் கேட்டாள். விடுதிப் பெண்களிடம், பையன்களிடம், கேன்டீனில் என்று ஒரு வாரம் தொண்டை கட்டும்வரை பேசினாள். நான் பின்னால் நின்று கும்பிட்டேன். ஜெயித்துவிட்டேன்.

பதவியேற்புக்கு ஒரு வாரம் ஒத்திகை. ஒத்திகைக்குப் போனால் வகுப்புக்கு வந்ததாகவே வருகை போடுவார்கள், அதற்கு ஓ.டி. என்று பெயர். சிவப்புச் சாட்டின் பட்டையில் தங்க எழுத்தில் பதவியின் பெயர் எழுதித் தோளில் போட்டார்கள். சிறப்பு விருந்தினர் இரண்டரை மணி நேரம் தாமதமாக வந்தார். அவருக்கு யாரும் முட்டை போடவில்லை. பிறகு எல்லோரும் கையை நீட்டி உறுதிமொழி எடுத்தோம்: 'எனக்காக எதையும் கேட்கமாட்டேன். பிறருக்காகக் கேட்கும்போது முறையாகக் கேட்பேன். முறை எது என்பதை நிர்வாகத்திடம் கேட்பேன்.' கணீரென்று சொன்னேன். மலர்கொடி கீழே கைதட்டினாள்.

முதல்வர் அமிர்தவல்லி அம்மையார் பேசினார். "மாணவர்களின் குரலை இந்த நிர்வாகம் என்றைக்கும் மதித்திருக்கிறது. போன வருடப் பேரவை பத்துக் கோரிக்கைகள் கொடுத்தது. பத்தையும் லேமினேட் செய்து பத்திரமாக வைத்திருக்கிறோம். இன்றுவரை ஒன்றுகூடக் கசங்கவில்லை."

கைதட்டல் அடங்க நேரமானது. நானும்தான் தட்டினேன். என்னத்தைச் சொல்ல.

போக்குவரத்துப் பிரதிநிதியின் கடமை என்ன என்பது மறுநாள் தெரிந்தது. விருந்தினர்களின் கார் வந்தால் வளைவில் நின்று கையைக் காட்டி நிழலுக்கு அனுப்பவேண்டும். பேரவைத் தலைவர் அல்தாப்பின் கதி இதைவிட மோசம். லெப்பைக்குடிக்காட்டுப் பையன், விடுதியில் தங்கிப் படித்தவன். விழா என்றால் குத்துவிளக்கு ஏற்ற விருந்தினரிடம் மெழுகுவத்தி நீட்டுவது அவன் வேலை.

"எங்க அத்தா குவைத்துல எல்லார்ட்டயும் எம் புள்ள தலைவர்னு சொல்லி மிட்டாய் குடுத்துட்டாரு" என்றான் ஒருநாள். "எனக்குக் கெடச்ச அதிகாரம் ஒரு மெழுகுவத்தி புவனா. அதையும் கொளுத்தினதும் திருப்பி வாங்கிக்கிறாங்க."

நான் வந்த வேலையை மறக்கவில்லை. மீன்சுருட்டித் தடத்தில் வரும் முப்பத்தெட்டு பேருக்குப் பத்து நிமிடம் சலுகை வேண்டும் என்று ஒரே வரியில் மனு எழுதி, பேரவைப் பொறுப்பாளர் முத்தமிழ்செல்வன் சாரிடம் நீட்டினேன். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"முறைன்னு ஒண்ணு இருக்குல்லம்மா. பிரதிநிதி செயலாளர்கிட்ட குடுக்கணும். செயலாளர் தலைவர்கிட்ட. தலைவர் எங்கிட்ட."

அப்படியே கொடுத்தேன். பன்னிரண்டு நாள் கழித்து அட்டெண்டர் ராசாங்கம் அண்ணன் ஒரு கவர் கொண்டுவந்தார். உள்ளே என் மனு. மேலே ஒரு தாள்: 'போக்குவரத்து தொடர்பான இம்மனுவின் மீது போக்குவரத்துப் பிரதிநிதியின் கருத்து கோரப்படுகிறது.' என் மனுவைப் பற்றி என்னிடமே கேட்டிருந்தார்கள். 'நியாயமான கோரிக்கை' என்று எழுதி அனுப்பினேன். பத்து நாளில் அதுவும் திரும்பி வந்தது. மனுதாரரும் கருத்துச் சொன்னவரும் ஒரே ஆள் என்பதால் நடுநிலை இல்லையாம். பஸ்ஸில் வராத மூன்று பேர் கொண்ட குழு ஆய்வு செய்யுமாம்.

குழுவில் ஒருவன் என்னிடம் வந்து மீன்சுருட்டி எந்தப் பக்கம் என்று கேட்டான். கையைக் காட்டினேன். அவர்கள் கல்லூரி முடிந்ததும் மூன்றரை மணிக்கு வாசலில் அரைமணி நேரம் நின்று பார்த்துவிட்டு, 'பார்வையிட்ட நேரத்தில் எந்த மாணவரும் தாமதமாக வரவில்லை' என்று அறிக்கை கொடுத்தார்கள்.

"சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்கமாட்டான்னு சொல்லுவாங்க. இங்க சாமி, பூசாரி ரெண்டு பேரும் சேந்துல்ல ஒளிஞ்சிக்கிட்டாங்க" என்றாள் மலர்கொடி. சிரித்தாலும் அவள் விரல்விட்டு நாளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

பிப்ரவரியில் பேரவைக் கூட்டம் கூடியது. முதல்வரே தலைமை. இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். எங்கள் கல்லூரியில் கூட்டம் என்றால் முதலில் கையெழுத்து, அடுத்து போண்டா, கடைசியில்தான் கூட்டம். தீர்மான நோட்டில் ஒரு பக்கம் வெறுமையாக விட்டு, அடியில் இருபத்து மூன்று பெயர் எழுதியிருக்கும்.

"பாப்பா, மொதல்ல கையெழுத்தப் போட்டுருங்க. எனக்கு நாலே கால் பஸ்ஸு. நோட்ட பீரோல வெச்சுப் பூட்டிட்டுத்தான் கெளம்பணும்" என்று ராசாங்கம் அண்ணன் நோட்டை நீட்டினார். காலம் காலமாக எல்லோரும் போட்டதுதான். அவர் பஸ்ஸை விட்டுவிடக் கூடாதே என்று எனக்குக் கவலை வேறு; பஸ்ஸை விடுவது என்றால் என்ன என்று எனக்குத் தெரியாதா? முழுப் பெயரையும் எழுதி, கீழே பதவியும் எழுதி, தேதியும் போட்டேன். போண்டா நன்றாக இருந்தது.

கூட்டத்தில் எழுந்து பேசினேன். முப்பத்தெட்டு பேர், பத்து நிமிடம், ஒருத்தியின் வேலை என்று சொல்லி முடித்தேன். முதல்வர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒன்ன மாதிரிப் பொண்ணுங்க எழுந்து பேசணும்னுதாம்மா நான் இந்த நாற்காலியில உக்காந்திருக்கேன். நேரம் பத்திக் கண்டிப்பா ஒரு முடிவு எடுத்துடறேன்."

அன்றைக்கு பஸ்ஸில் ஒரே கும்மாளம். மலர்கொடி எல்லோருக்கும் கடலைமிட்டாய் வாங்கிக் கொடுத்தாள். என்னை ஜன்னல் ஓரம் உட்கார வைத்து, "எங்க போக்குவரத்து மந்திரி" என்று கண்டக்டரிடம் அறிமுகம் செய்தாள். எனக்கு வெட்கமாகவும் பெருமையாகவும் இருந்தது.

அடுத்த திங்கட்கிழமை ஒன்பது பத்துக்கு இறங்கினால், கேட் சாத்தியிருந்தது. மூன்று வருடத்தில் அந்த கேட்டைச் சாத்தி நாங்கள் பார்த்ததில்லை. கம்பியில் ஒரு சுற்றறிக்கை ஒட்டியிருந்தது. மலர்கொடிதான் சத்தம்போட்டுப் படித்தாள்.

'மாணவர் பேரவை ஒருமனதாக நிறைவேற்றிய தீர்மானத்தை ஏற்று, மாணவர்களின் நேரந்தவறாமையைக் காக்கும் பொருட்டு, வாயிற்கதவு காலை 8.55க்குச் சாத்தப்பட்டு மதியம் 1.00 மணிக்குத் திறக்கப்படும். கதவைச் சாத்தும் பொறுப்பு போக்குவரத்துப் பிரதிநிதியைச் சாரும். தீர்மானத்தை முன்மொழிந்தவர்...'

அதற்குமேல் அவள் படிக்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தாள். மற்றவர்கள் எட்டிப் பார்த்து மிச்சத்தைப் படித்துக்கொண்டார்கள்.

ஒரு மணிக்குக் கதவு திறந்ததும் முதல்வர் அறைக்கு ஓடினேன். முத்தமிழ்செல்வன் சாரும் இருந்தார். நோட்டு மேசைமேல் தயாராகத் திறந்திருந்தது. வெறுமையாக இருந்த பக்கத்தில் அழகான கையெழுத்தில் தீர்மானம் நிறைந்திருந்தது.

"இது ஓங் கையெழுத்துதானேம்மா?" என்றார் முதல்வர்.

"வெறும் தாள்ல போட்டேன் மேடம்."

"அதத்தான் நான் பெருமையா நெனக்கிறேன். வெறும் தாள்ல போடறதுன்னா எங்க மேல எவ்ளோ நம்பிக்கை இருக்கணும். அந்த நம்பிக்கைய நாங்க வீணாக்கலாமா? நேரம் பத்தி முடிவு எடுக்கறேன்னு சொன்னேன். எடுத்துட்டேன்."

"நாங்க கேட்டது பத்து நிமிஷம் சலுகை மேடம்."

"அடுத்த மாசம் தரமதிப்பீட்டுக் குழு வருதும்மா. 'மாணவர்கள் தாமே விரும்பிக் கேட்ட ஒழுங்குமுறை'ன்னு படிவத்துல ஒரு பக்கம். நாலு வருஷமா காலியாவே கெடந்துச்சு. நீதான் நெரப்பிக் குடுத்திருக்க."

முத்தமிழ்செல்வன் சார் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "ஒனக்கு விடுதியில ஒரு ரூம் ஒதுக்கியாச்சு. சாப்பாடு ஃப்ரீ. காலைல வந்து கதவ சாத்திட்டுக் கிளாஸுக்குப் போயிடு."

"மத்தவங்க சார்?"

"நீதானம்மா அவங்களோட பிரதிநிதி. முப்பத்தெட்டு பேர் சார்பா நீ ஒருத்தி உள்ள இருந்தா அவங்கல்லாம் உள்ள இருக்கற மாதிரிதான். பிரதிநிதித்துவம்னா வேற என்ன?"

ரூம் வேண்டாம் என்றேன். ராஜினாமா எழுதிக் கொடுத்தேன். அதைப் பேரவைக் கூட்டம்தான் ஏற்க வேண்டும் என்றார். அடுத்த கூட்டம் ஜூலையில் என்றார்.

"ஜூலையில நான் காலேஜ்லயே இருக்கமாட்டேன் சார்."

"அப்ப ராஜினாமாவுக்கே தேவையில்லையேம்மா" என்று தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

மறுநாள் பஸ்ஸில் மலர்கொடியின் பக்கத்துச் சீட்டில் அவள் பை இருந்தது. நான் போய் நின்றும் எடுக்கவில்லை. நடந்ததையெல்லாம் நின்றபடியே சொன்னேன்.

"படிக்காம ஏன்டி போட்ட?"

"படிக்க அதுல ஒண்ணும் இல்லடி. வெறும் பக்கம்."

"வெறும் பக்கத்துல போடறதுக்கா நான் தொண்ட தண்ணி வத்தக் கத்துனேன்?"

நுணல் தன் வாயால் கெட்டது என்பார்கள். நான் கையால் கெட்டேன். என்னால் செய்ய முடிந்தது ஒன்றுதான். அவர்களோடு சேர்ந்து கேட்டுக்கு வெளியே நின்றேன். தினமும் ஒன்பது பத்திலிருந்து ஒரு மணி வரை புளியமரத்தடியில் நின்றோம். கலெக்டர் ஆபீஸுக்கு மனு போட்டோம். அவர்கள் அதைக் கல்லூரிக்கே அனுப்பி வைத்தார்கள். கல்லூரி அதைப் போக்குவரத்துப் பிரதிநிதியின் கருத்துக்கு அனுப்பியது. கதவை வாட்ச்மேன் சாத்தினார். அல்தாப் இடைவேளையில் கம்பிக்கு அந்தப் பக்கம் வந்து, வகுப்பு நோட்டுகளை ஃபோட்டோ எடுத்து எங்களுக்கு அனுப்புவான்.

"மன்னிச்சிக்கங்க. நானும் அந்த நோட்டுலதான் போட்டேன். தலைவருங்கறதால எனக்கு ரெண்டு போண்டா" என்றான் மலர்கொடியிடம். கேட் சாத்தியதிலிருந்து அன்றைக்குத்தான் அவள் முதலில் சிரித்தாள். அடுத்த நாள் பஸ்ஸில் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நான் உட்கார்ந்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மார்ச் கடைசியில் தரமதிப்பீட்டுக் குழு வந்தது. மூன்று கார். எங்களை மரத்தடியில் பார்த்ததும் முதல் கார் நின்றது. யார் இவர்கள் என்று உள்ளே இருந்தவர் கேட்டார். வரவேற்க வந்திருந்த முதல்வருக்கு ஒரு விநாடிகூட ஆகவில்லை.

"தாமதமாக வந்ததற்குத் தாங்களே வருந்தி, தாங்களே வெளியே நிற்கிற மாணவர்கள் சார். அவர்களுடைய பேரவை போட்ட தீர்மானம்."

அந்தப் பெரியவர் கார்க் கண்ணாடியை முழுசாக இறக்கி எங்களைப் பார்த்துக் கும்பிட்டார். "இப்படி ஓர் ஒழுக்கத்தை நான் எந்த மாநிலத்திலும் பார்த்ததில்லை" என்றார். எங்களை நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். நான் முன்னால் போய், "சார், நாங்களா நிக்கல, கதவ சாத்திட்டாங்க" என்றேன். "சாத்தியவர் யார்?" என்றார். முத்தமிழ்செல்வன் சார் சுற்றறிக்கையில் என் பெயர் இருந்த இடத்தைத் தொட்டுக் காட்டினார். பெரியவர் என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். கல்லூரிக்கு உயர்ந்த தரம் கிடைத்தது.

ஏப்ரலில் பட்டியல் ஒட்டினார்கள். வருகை குறைந்ததால் பரீட்சை எழுத முடியாதவர்கள் என்று முப்பத்தேழு பெயர். மலர்கொடிக்கு அறுபத்தாறு. நாங்கள் முப்பத்தெட்டு பேர் என்பது பஸ்ஸில் எல்லோருக்கும் தெரியும். விட்டுப்போன அந்த ஒரு பெயர் என்னுடையது.

ஆபீஸுக்கு ஓடிக் கேட்டேன். கிளார்க் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். "எம்பத்தாறு இருக்கே பாப்பா, ஒனக்கென்ன கவலை? வெளிய நின்ன நாளெல்லாம் கேட் டியூட்டின்னு ஓ.டி. போட்டிருக்கு."

திரும்பினால் மலர்கொடி பின்னால் நின்றாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"எங்ககூட நின்னதுக்கும் அட்டெண்டன்ஸ் வாங்கிட்டியா புவனா?"

டி போடவில்லை. மூன்று வருடத்தில் முதல் தடவையாக என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். எனக்குத் தெரியாது, சத்தியமாகத் தெரியாது என்றேன். அவள் சண்டை போடவில்லை. தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள்.

முதல்வரிடம் போய், என் ஓ.டி.யை எடுத்துவிடுங்கள், நான் வெளியேதான் நின்றேன், எனக்கும் அவர்களுக்குப் போட்டதையே போடுங்கள் என்றேன். அழுதுகொண்டேதான் கேட்டேன்.

"அத எடுத்தா கதவ யாரு சாத்தினாங்கன்னு ஒரு கேள்வி வரும்மா. தரம் வாங்கின பிறகு கேள்வி வரக்கூடாது" என்றார். பிறகு தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். "இஷ்டம் இல்லன்னா நீ எழுதாம இரு. யாரு தடுத்தா? ஆனா ஒண்ணு. எல்லாரும் எழுதலைன்னா அதுக்குப் பேரு போராட்டம். நீ ஒருத்தி மட்டும் எழுதலைன்னா அதுக்குப் பேரு ஆப்சென்ட்."

எழுதாமல் இருந்துவிடலாம் என்று நான்கு நாள் நினைத்தேன். அப்பா கரும்பு வெட்டுக்குப் போய் வாங்கிவந்த புதுப் பேனாவைப் பரீட்சைக்கு முந்தைய நாள் சாமி படத்தடியில் வைத்தார். இவ்வளவு பேரைத் திட்டியவள் இதையும் சொல்லிவிட வேண்டும்: எழுதாமல் இருக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

பரீட்சை அன்று எட்டு மணி பஸ்ஸில் ஏறினேன். கங்கைகொண்ட சோழபுரத்தில் மலர்கொடி ஏறினாள். ஜெயங்கொண்டத்து ஜவுளிக்கடை ஒன்றில் வேலை செய்கிற பெண்களின் நீலச் சீருடைச் சேலை கட்டியிருந்தாள். திருச்சிக் கம்பெனி வேறு ஆளை எடுத்துவிட்டது என்று அல்தாப் சொல்லித்தான் எனக்குத் தெரியும். என் பக்கத்துச் சீட்டு காலியாகத்தான் இருந்தது. அவள் பின்வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஜெயங்கொண்டம் வரை நின்றாள். இறங்கும்போதும் திரும்பவில்லை.

கல்லூரி வாசலுக்கு பஸ் வந்தபோது மணி ஒன்பது பத்து. கேட் அகலத் திறந்திருந்தது.

"மெதுவாவே போ பாப்பா. பரீச்ச நாள்ல பத்து மணி வரைக்கும் சாத்தறதில்ல" என்றார் வாட்ச்மேன்.

அந்த நிறுத்தத்தில் அன்றைக்கு இறங்கியது நான் ஒருத்திதான்.